சீனாவில் ஆங்கில ஆசிரியை வேலை: ஆறு வாரமாகியும் மனம் ஒட்டவில்லை

செங்டு_புதியவள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அம்மா அப்பா யாழ்ப்பாணம், நான் பிறந்து வளர்ந்தது கனடாவில், ஸ்கார்பரோ. ஆகஸ்ட் கடைசியில் செங்டு நகரத்துக்கு வந்தேன். அரசுப் பள்ளி ஒன்றில் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு ஆங்கிலப் பேச்சுப் பாடம் எடுக்கிறேன். வாரம் 16 வகுப்புகள், ஒவ்வொன்றிலும் ஐம்பது பிள்ளைகள். ஒரு வாரத்தில் எண்ணூறு முகங்களைப் பார்க்கிறேன், பத்துப் பேரைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாது.

வேலை கஷ்டம் என்று சொல்ல மாட்டேன். கஷ்டம் வேலைக்கு வெளியேதான். வங்கியில் என் பெயரை ஒரு மாதிரி பதிந்திருக்கிறார்கள், தொலைபேசிக் கடையில் வேறு மாதிரி. அதனால் காசு கட்டும் வீசாட் செயலி என்னை நான்தான் என்று ஏற்க மறுக்கிறது. இங்கே கீரைக்காரம்மா வரைக்கும் கியூஆர் குறியீட்டில்தான் காசு வாங்குகிறார். கடவுச்சீட்டு வதிவிட அனுமதிக்காகக் குடிவரவு அலுவலகத்தில் இருக்கிறது, கையில் ஒரு ரசீது மட்டும். பொதி எடுக்கப் போனால், அது இருக்கும் தட்டின் இலக்கத்தை நான் சொல்வது கடைக்காரருக்கு விளங்குவதில்லை, மூன்று தரம் கேட்டுவிட்டு என் தொலைபேசியைத் தானே வாங்கிப் பார்க்கிறார். தினமும் இதே கதை.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் வாரம் ஒரு பெற்றோர், "கனடா ஆசிரியை என்று சொன்னீர்களே, இவர் இந்தியர் போல இருக்கிறாரே" என்று பள்ளியில் கேட்டாராம். கூட வேலை செய்யும் ஆசிரியை நல்ல மனதோடுதான் அதை என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் அது ஞாபகம் வருகிறது.

அக்டோபர் விடுமுறை ஏழு நாளும் அறையிலேயே கிடந்தேன். அம்மா வந்துவிடு என்கிறார். சீனப் புத்தாண்டு வரைக்கும் பார்ப்பதா, இப்போதே விடுவதா? இங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

சாங்ஷா_வாத்தியார் எழுதியது:

தங்கச்சி, நான் திருச்சிக்காரன், ஆஸ்திரேலியக் குடியுரிமை. ஹுனான் மாகாணத்தில் சாங்ஷாவில் ஒரு கல்லூரியில் ஏழாவது வருடம். முதல் வருடம் அக்டோபரில் நானும் இதே மனநிலையில்தான் இருந்தேன். எனவே மனதைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் தாள். தாள் சரியில்லாதவரை மனம் நிலைக்காது.

கடவுச்சீட்டு கையில் இல்லையே என்று பயப்பட வேண்டாம். வேலைக்கான இசட் விசாவில் வந்தவர்கள் முப்பது நாளுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அந்த நாட்களில் கடவுச்சீட்டு அலுவலகத்தில்தான் இருக்கும். அந்த ரசீதைக் காட்டி ரயிலில் போகலாம், விடுதியில் தங்கலாம். ஆனால் அது முடிந்து திரும்பி வந்த நாளிலிருந்து கடவுச்சீட்டு உங்கள் அலமாரியில் இருக்க வேண்டும். "பத்திரமாக வைக்கிறோம்" என்று பள்ளி கேட்டாலும் கொடுக்காதீர்கள். வந்து 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தங்குமிடப் பதிவு செய்திருப்பார்கள், அந்தச் சீட்டின் படம் உங்களிடம் இருக்கிறதா? வீடு மாறினால் அதை மறுபடி செய்ய வேண்டும். பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

பெயர் விஷயம் நம் எல்லாருக்குமே நடப்பது. நம் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் உட்கார்ந்திருக்கும். சீனர்களுக்கும் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். ஆகவே வங்கிக்காரர் அப்பா பெயரை முன்னால் போடுவார், தொலைபேசிக் கடைக்காரர் இரண்டையும் ஒட்டி எழுதுவார், பள்ளி திருப்பிப் போடும். தீர்வு இதுதான். கடவுச்சீட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு நீண்ட வரிகள் இருக்குமே, இயந்திரம் படிப்பதற்கு? அதில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசை, அதே எழுத்துகள், எல்லாம் பெரிய எழுத்தில். அதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, முதலில் தொலைபேசிக் கடைக்குப் போங்கள், அடுத்து வங்கிக்கு. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி திருத்திய பிறகு வீசாட்டைத் தொடுங்கள். இந்த வரிசை மாறினால் திரும்பவும் மாட்டிக்கொள்வீர்கள். எனக்கு மூன்று மாதம் வீணானது.

அதுவரை உங்கள் கனடா வங்கி அட்டையை அலிபே என்ற பணச் செயலியில் சேர்த்துவிடுங்கள். 2023இலிருந்து வெளிநாட்டு அட்டைகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஒரு தடவை 200 யுவானுக்குள் செலவழித்தால் கட்டணம் இல்லை, தாண்டினால் 3 சதவீதம். கீரைக்கும் நூடுல்ஸுக்கும் தாராளமாகப் போதும்.

பெற்றோர் கேட்டது பற்றி எனக்கும் சொல்ல இருக்கிறது. அதை நாளை ஆற அமர எழுதுகிறேன்.

நெல்லை_ராசா எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். எனக்கு இந்தியக் கடவுச்சீட்டு, ஆங்கில இலக்கியத்தில் முதுகலை, நான்கு வருடம் ஆசிரியர் அனுபவம். சீனாவில் ஆங்கில ஆசிரியர் வேலை வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். முதலில் வணிக விசாவில் வந்துவிடுங்கள், வார இறுதிப் பயிற்சி மையத்தில் சேருங்கள், விசாவைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். போகலாமா?

குன்மிங்_அக்கா எழுதியது:

போகாதீர்கள் தம்பி. பணம் எதுவும் கட்டிவிட்டீர்களா? கட்டவில்லை என்றால் இன்றே பேச்சை நிறுத்துங்கள்.

நான் கோயம்புத்தூர், என்னுடையதும் இந்தியக் கடவுச்சீட்டுதான். அனுபவத்தில் சொல்கிறேன். ஆங்கிலம் கற்பிக்கத் தாய்மொழியாக ஆங்கிலம் பேசும் நாட்டவராக இருக்க வேண்டும் என்பது இங்கே வேலை அனுமதிக்கான விதி. நடைமுறையில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஏழு நாடுகளைத்தான் ஏற்கிறார்கள். நம் ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தத் தாளில் அது எடுபடாது. எனக்கு இதில் இன்னும் வருத்தம் உண்டு, ஆனால் விதி அதுதான்.

வணிக விசாவிலோ மாணவர் விசாவிலோ வந்து பாடம் எடுப்பது சட்டவிரோத வேலை. பிடிபட்டால் அபராதம் 5,000 யுவானிலிருந்து 20,000 யுவான் வரை. கடுமையான குற்றம் என்று கருதினால் 5 முதல் 15 நாள் காவலில் வைப்பார்கள், நாட்டைவிட்டு அனுப்பவும் செய்வார்கள். அப்போது முகவர் கூட இருக்க மாட்டார், அகப்படுவது நீங்கள். அந்த வார இறுதிப் பயிற்சி மையங்களின் கதையும் 2021 ஜூலையோடு மாறிவிட்டது. பள்ளிப் பாடங்களுக்கு வார இறுதியிலும் விடுமுறையிலும் காசு வாங்கித் தனிவகுப்பு நடத்தக் கூடாது என்று அரசு ஆணை போட்டது. ஊருக்கு ஊர் மையங்கள் மூடின, சம்பள பாக்கியோடு ஆசிரியர்கள் தெருவில் நின்றார்கள். என் தோழி ஒருத்திக்கு மூன்று மாதச் சம்பளம் இன்று வரை வரவில்லை.

நமக்கு வேறு வழி இருக்கிறது. நான் இயற்பியல் பட்டதாரி, இங்கே ஒரு சர்வதேசப் பள்ளியில் இயற்பியலை ஆங்கிலத்தில் கற்பிக்கிறேன். பாட ஆசிரியருக்கு அந்த ஏழு நாட்டு விதி பொருந்தாது, பட்டமும் அனுபவமும்தான் கணக்கு. கணக்கு, அறிவியல், கணினி படித்தவர்களுக்கு இது நேர் வழி. நீங்கள் இலக்கியம் என்பதால் கொஞ்சம் கடினம்தான், பொய்யாக நம்பிக்கை தர எனக்கு மனம் வரவில்லை.

நெல்லை_ராசா எழுதியது:

நன்றி அக்கா. முன்பணம் கேட்டார், இன்னும் கட்டவில்லை. கட்டவும் மாட்டேன்.

வூஹான்_மருத்துவன் எழுதியது:

நான் வூஹானில் மருத்துவம் படித்தவன், ஆறு குளிர்காலம் கழித்தேன். புதியவள் அக்காவுக்கு ஒரே ஒரு விஷயம்: நவம்பர் வருவதற்குள் மின்சாரப் போர்வை வாங்குங்கள்.

கனடா குளிரைப் பார்த்தவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம். சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கே இருக்கும் ஊர்களுக்குத்தான் நகரமே குழாய் போட்டு வீட்டுக்குச் சூடு கொடுக்கும். பெய்ஜிங்கில் நவம்பர் 15இல் திறந்து மார்ச் 15 வரை ஓடும். செங்டு, சாங்ஷா, வூஹான் எல்லாம் அந்த எல்லைக்குத் தெற்கே. வெளியே ஐந்து டிகிரி என்றால் வகுப்பறையிலும் கிட்டத்தட்ட அதேதான், போதாக்குறைக்கு ஜன்னலையும் திறந்து வைப்பார்கள். ஸ்கார்பரோவில் கதவைச் சாத்தினால் குளிர் வெளியே நின்றுவிடும், இங்கே உங்களோடு உள்ளே வந்து உட்காரும். அவர்கள் எந்நேரமும் சுடுதண்ணீர்க் குடுவையோடு திரிவது ஏன் என்று டிசம்பரில் தெரியும்.

சாப்பாட்டுக்கு: பாசிப்பயறு எந்தக் கடையிலும் உண்டு, ல்யூதோவ் என்று கேளுங்கள். ஊறவைத்து அரைத்து இஞ்சி, மிளகாய் போட்டுத் தோசை ஊற்றலாம். புளிக்கவைக்கத் தேவையில்லை என்பதால் குளிர்காலத்துக்கு இதுதான் கைகொடுக்கும். தேங்காய்ப்பால் என்று நினைத்து இனிப்புத் தேங்காய்ப் பானத்தை வாங்கிவிடாதீர்கள், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நீங்கள் சைவமா?

செங்டு_புதியவள் எழுதியது:

வெள்ளிக்கிழமை மட்டும் சைவம் தம்பி. அதுவே இங்கே கரைச்சல். இறைச்சி வேண்டாம் என்று சொன்னாலும் பீன்ஸில் கொத்திய இறைச்சி தூவித்தான் வருகிறது.

வாத்தியார் அண்ணா சொன்ன வரிசையில் போனேன். தொலைபேசிக் கடை, பிறகு வங்கி. வங்கியில் இரண்டு மணித்தியாலம் ஆனது, ஆனால் இன்று மாலை வீசாட்டில் தோடம்பழம் வாங்கினேன்! கோடி நன்றி.

குன்மிங்_அக்கா எழுதியது:

வெள்ளிக்கிழமைக்கு வென்ஷு மடாலயத்துக்குப் போங்கள், செங்டுவில் உங்களுக்குக் கிட்டத்தான் இருக்கும். மெட்ரோ நிலையத்துக்கே அந்தப் பெயர். புத்த மடாலயத்தின் சைவ உணவகம், கொத்திறைச்சிப் பயமே இல்லை. சைவம் என்பதற்கு "சூ" என்ற ஒரு சொல் போதும். "இறைச்சி வேண்டாம்" என்றால் துண்டு இறைச்சிதான் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார்கள். "சூ சாப்பிடுகிறேன்" என்றால் அது ஒரு நோன்பு, உடனே மதிப்பார்கள்.

சாங்ஷா_வாத்தியார் எழுதியது:

சொன்னபடி எழுத உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளம்.

முதலில் வகுப்பு. பேச்சுப் பாடம் தேர்வில் வராது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண், ஆனால் அது தாளில் எழுதி வாங்குவது. அதனால் தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோவது நம் பாடவேளைதான். நம் ஊரில் விளையாட்டு வகுப்பைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வாரே, அதே மாதிரி. அதற்காக மனம் நோகாதீர்கள். செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ஒவ்வொரு வகுப்புக்கும் பான்ஜூரென் என்று ஒரு வகுப்பாசிரியர் இருப்பார், அந்த ஐம்பது பிள்ளைகளுக்கும் தாய் மாதிரி. அவரிடம் போய் இருக்கை வரிசைப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். அவர்கள் ஆங்கிலப் புத்தகத்தில் இப்போது எந்தப் பாடம் நடக்கிறது என்று கேட்டு, அதே சொற்களை வைத்துப் பேசவைக்கும் விளையாட்டுகளைச் செய்யுங்கள். வகுப்பாசிரியர் உங்களைத் தன் ஆளாக நினைக்க ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது. மதியம் தலையை மேசையில் சாய்த்துப் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் அவர் ஆசிரியர் அறையில் இருப்பார், அப்போது போங்கள்.

அடுத்தது உச்சரிப்பு. உங்கள் பிள்ளைகள் நைட், லைட் இரண்டையும் ஒரே மாதிரி சொல்கிறார்களா? சொல்வார்கள். செங்டுப் பேச்சில் ன, ல இரண்டும் கலந்துவிடும், எங்கள் சாங்ஷாவிலும் அப்படித்தான். காதுக்கே வித்தியாசம் கேட்காது, எனவே "கவனமாகச் சொல்" என்று திட்டிப் பயனில்லை. நாம் சின்ன வயதில் இலக்கணத்தில் படித்தோமே, மெல்லினத்துக்கு இடம் மூக்கு என்று? அதைக் கொண்டு வாருங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு லைட் சொல்லச் சொல்லுங்கள், தடையில்லாமல் வரும். நைட் சொன்னால் முதல் எழுத்திலேயே அடைத்துக்கொள்ளும். ஐம்பது பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள், அன்றைக்கு யாரும் தூங்க மாட்டார்கள். பிரிட்டனிலிருந்து வந்த என் சக ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்காக வாய்ப் படம் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். ல, ள, ழ, ன, ண என்று ஐந்தையும் பிரித்துக் கேட்டு வளர்ந்த காது நமக்கு. இந்த வேலைக்கு அது பெரிய சொத்து.

நீங்கள் சீனம் கற்கும்போதும் இதே காது உதவும். மனிதர் என்பதற்கு ரென் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். அதை ர போட்டுச் சொல்லாதீர்கள், நம் ழ போட்டு "ழென்" என்று சொல்லிப் பாருங்கள். கிட்டத்தட்ட அந்த ஒலிதான். ஆனால் செங்டுக் கிழவர்கள் "ஸென்" என்பார்கள், அது அவர்கள் வட்டாரப் பேச்சு. பொதிக் கடைச் சிக்கலுக்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நான்குக்கு ஸ், பத்துக்கு ஷ் என்று பாடப்புத்தகம் சொல்லும். உங்கள் கடைக்காரர் வாயில் இரண்டுமே ஸ்தான், தொனியை வைத்துத்தான் பிரிப்பார். பாடப்புத்தகச் சீனத்தில் நான்குக்குக் குரல் மேலிருந்து கீழே விழ வேண்டும். நீங்கள் ஸ், ஷ் சரியாகச் சொல்லித் தொனியை விட்டிருப்பீர்கள்.

கடைசியாக அந்தப் பெற்றோர். இங்கே ஆங்கில ஆசிரியர் என்றால் வெள்ளைக்காரர் என்று ஒரு படம் மனதில் இருக்கிறது. விளம்பரத்தில் முதலில் புகைப்படம் கேட்பதே அதற்குத்தான். நான் நேர்முகம் முடிந்த பிறகு இரண்டு இடத்தில் நிராகரிக்கப்பட்டேன், காரணத்தை வெளிப்படையாகவே சொன்னார்கள். அது வலிக்கும், வலிக்கவில்லை என்று நடிக்காதீர்கள். ஆனால் உங்கள் பள்ளி உங்கள் படத்தைப் பார்த்துத்தான் எடுத்தது. "நான் கனடாதான்" என்று நிரூபிக்கும் வேலையில் இறங்க வேண்டாம், அதற்கு முடிவே இல்லை. முழுக்கதையையும் சொல்லிவிடுங்கள்: யாழ்ப்பாணம், தமிழ், கனடா, எல்லாம்.

சொல்வதற்கு ஒரு கல்லே இருக்கிறது. இலங்கையில் காலித் துறைமுகத்தில் செங் ஹ நட்ட கல்வெட்டு தெரியுமா? மிங் பேரரசின் கடற்படைத் தலைவர். 1409 என்று தேதி பொறித்துச் சீனாவிலேயே செதுக்கிக் கப்பலில் கொண்டுபோனது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனார் என்ற தெய்வத்தை, பாரசீகப் பகுதி அல்லாவை. 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள், இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செங் ஹ பெயரை உங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரலாற்றில் படித்திருப்பார்கள். படத்தைத் திரையில் போட்டுப் பாருங்கள்.

குன்மிங்_அக்கா எழுதியது:

சீனாவுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது வாத்தியாரே. சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, சிவன் கோயிலுக்கானது. அங்கே கையுவான் கோயிலின் பின்பக்கத் தூண்களில் கண்ணன் சிற்பங்கள்கூட உண்டு. நான் போய்ப் பார்த்து அந்தத் தூணைத் தொட்டுக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அந்த ஊரில் நான் அந்நியள் என்று தோன்றவில்லை.

தங்கச்சி, புத்தாண்டு வரை இருந்து பாருங்கள். இடையில் விடுவதாக இருந்தாலும் சும்மா கிளம்பிவிட வேண்டாம். முப்பது நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்து, விலகல் சான்றிதழ் வாங்கி, வேலை அனுமதியை முறையாக ரத்து செய்யவைத்துவிட்டுப் போங்கள். அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் பிறகு வேறு ஊரில் வேலைக்குச் சேர முடியாமல் போகும்.

செங்டு_புதியவள் எழுதியது:

டிசம்பர் முதல் வாரம். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள்.

எட்டாம் வகுப்பில் கல்லைக் காட்டினேன். முதலில் ஒன்றும் சொல்லாமல் படத்தை மட்டும் திரையில் போட்டேன். சீன எழுத்து இருக்கும் பக்கத்தை உடனே கண்டுபிடித்து, பழைய எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார்கள். செங் ஹ பெயர் வந்ததும் ஒரே சத்தம். அப்போது தமிழ்ப் பக்கத்தைக் காட்டி, இது என் அம்மாவின் மொழி, உங்கள் நாட்டில் செதுக்கியது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "அப்படியென்றால் உங்களுக்காகவா கொண்டுபோனார்கள்?" என்று கேட்டான். ஆங்கிலத்தில்தான் கேட்டான், தவறே இல்லாத வாக்கியம். அவன் ஆறு வாரமாக வகுப்பில் வாயே திறக்காதவன். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் "தமிழ்" என்று சொல்லச் சொன்னேன். கடைசி எழுத்தை நான் ஏழு வயதில் எவ்வளவு பாடுபட்டுப் படித்தேன், இங்கே மூன்று நான்கு பிள்ளைகள் முதல் தடவையே சரியாகச் சொன்னார்கள். மூக்கைப் பிடிக்கும் பாடம் இப்போது எல்லா வகுப்பிலும் நடக்கிறது, பக்கத்து வகுப்பு ஆங்கில ஆசிரியையும் எடுத்துக்கொண்டார். இருக்கைப் படம் கொடுத்த வகுப்பாசிரியர் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். பெயர்கள் நூற்றைம்பது வரை வந்துவிட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். வெயிலைப் பார்த்து ஒன்பது நாள் ஆகிறது. வரும் சனிக்கிழமை வேலை நாள் என்று நேற்று மாலைதான் சொன்னார்கள். அந்தப் பெற்றோரை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. ஆனால் கனடா திரும்பும் பயணச்சீட்டை ஜூலைக்கு மாற்றிவிட்டேன், அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன்.

மின்சாரப் போர்வை இன்று வந்தது, வூஹான் தம்பி. பதினான்காம் தட்டு, நான்காவது அடுக்கு. கடை வாசலில் நின்று நான்குக்கு நான்கு முறை குரலை மேலிருந்து கீழே இறக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனேன். இலக்கத்தைச் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தாமலே எழுந்து போய்ப் பொதியை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.